பாக்கிப் பத்துக் கிலோமீட்டர்

ஊரில் ஆயிரம் பேர் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். பதில் வந்தால் சந்தோஷப்படுகிறார்கள், வராவிட்டால் தலையெழுத்து என்று வீட்டுக்குப் போய்ச் சோற்றை வடிக்கிறார்கள். அனந்தலக்ஷ்மி செய்த பிழை, தன் கேள்வியைக் கொண்டுபோய்ச் சமாஜத்தில் கேட்டது.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பது வருஷம் டைப் அடித்தவள். கல்யாணம் நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதே கம்பெனியில் சுக்குப் புடைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் கற்பகம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒருத்திக்கு மேசை, ஒருத்திக்கு முறம். ஆனால் நாலு மணிச் சாயாவுக்கு இரண்டு பேரும் கிடங்கின் பின்வாசல் படியில்தான் உட்காருவார்கள். கம்பெனியை இழுத்து மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நாலு மணிக்குக் கற்பகம் அனந்தலக்ஷ்மியின் வீட்டுக்கே வந்துவிடுவாள். பேச ஒன்றும் இல்லாத நாளில் இருவரும் பேசாமல் குடிப்பார்கள்.

போன வருஷம் கற்பகத்துக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. மகள் மதுவந்தி அவளைப் பள்ளுருத்தியில் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். மதுவந்திக்கு எர்ணாகுளத்தில் ஜவுளிக்கடை வேலை. வீட்டிலிருக்கும் ஒரே போன் அவளோடு காலையில் கிளம்பிப் போய் ராத்திரிதான் திரும்பி வரும். அது வீட்டில் இருந்தாலும் பேச்சு வராதவளிடம் போனைக் கொடுத்து என்ன செய்வது? அனந்தலக்ஷ்மிக்கோ முழங்கால் தேய்மானம். தோப்பும்படியில் இறங்கி இன்னொரு பஸ் ஏறுவது மாதத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் நடக்காத காரியம். மற்ற நாளெல்லாம் நாலு மணி தன்பாட்டுக்கு வரும், போகும். காலையில் பால்காரரிடம் பேச வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். முந்தின நாள் முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கும்.

இப்படி இருந்தவள் போனில் மலையாள வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, தீப்பெட்டி அளவில் குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரியான மைக்ரோகன்ட்ரோலர் போர்டு இரண்டு வாங்கி, பட்டனும் விளக்குமாக வைத்து, சாப்பாட்டு மேசையில் ஒரு காரியம் செய்துவிட்டாள். இந்த முனையில் பட்டனை அமுக்கினால் அந்த முனையில் விளக்கு எரியும். அந்த முனையில் அமுக்கினால் இங்கே எரியும். மேசையின் இந்த முனையை மட்டாஞ்சேரி என்றும் அந்த முனையைக் கற்பகத்தின் கட்டில் என்றும் வைத்துக்கொண்டால் காரியம் முடிந்தது. நடுவில் இருப்பது ஒரு முழ ஒயர். அதை எடுத்துவிட்டு ஐந்து கிலோமீட்டர் காற்றை வைக்க வேண்டும்.

அதற்கும் பொருள் இருக்கிறது, லோரா என்று பெயர். தபால்தலை அளவு ரேடியோ மாட்யூல். இரண்டு சொல்லை நெடுந்தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எர்ணாகுளத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த மாரிச்செல்வம் அவளைப் பார்த்துக் கேட்டார்: "மாமி, நானூத்தி முப்பத்திமூணு மெகாஹெர்ட்ஸா, எண்ணூத்தி அறுபத்தஞ்சா?"

அனந்தலக்ஷ்மிக்குத் தெரியவில்லை. பின்னால் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். "விசாரிச்சுட்டு வாங்க. எதை வாங்குனாலும் ஆன்டெனா உசரத்துல நிக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

அவள் தெருவில் உயரமான கட்டடம் ஒன்றே ஒன்றுதான்: மேற்குக் கொச்சித் தமிழ் மக்கள் சேம சமாஜம், மூன்று மாடி. அங்கே ஆன்டெனா நட்டால் அவள் வீட்டுக்கு ஒயர் இழுத்துக்கொள்ளலாம். போன வருஷம்தான் அங்கே அறிவியல் தொழில்நுட்பப் பிரிவு என்று ஒரு போர்டும் மாட்டியிருந்தார்கள். மொட்டை மாடியையும் கேட்டதாச்சு, கேள்வியையும் கேட்டதாச்சு என்று அவள் படியேறினாள்.

சமாஜத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வாகதம், அத்யக்ஷர் உரை, உத்காடனம் என்கிற திறப்பு விழா, ஆசம்சை என்கிற வாழ்த்துரை, நன்றி ஆகிய ஐந்தும் இல்லாமல் அங்கே ஃபேன் சுவிட்சைக்கூடப் போடமாட்டார்கள். மூன்று வருஷம் முன்னால் வாங்கிய வாட்டர் ஃபில்டர், உத்காடனத்துக்குத் தோதான பெரிய மனிதர் கிடைக்காமல் இன்னும் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. தண்ணீர் குடிக்க எல்லோரும் எதிர்ச் சாயாக்கடைக்குப் போய் வருகிறார்கள்.

செயலாளர் கிருஷ்ணபிரசாத் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தார்.

"இதைப் பூர்த்தி பண்ணித் தரணும் மாமி."

"ஒரு கேள்விதானே கேட்டேன்?"

"கேள்வின்னாலும் எழுத்துல ஒரு அபேக்ஷை வேணுமில்லையோ. நாளைக்கு யாராவது, இந்தக் கேள்வி எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

சமாஜத்தில் பாரம் ஒரே ஒரு மாதிரிதான் உண்டு. கல்யாண மண்டபம் பதிவு செய்யும் பாரம். மணமகன் பெயர் என்ற இடத்தில் அனந்தலக்ஷ்மியின் பேனா நின்றுவிட்டது.

"அனுப்பற மாட்யூலை மணமகன்னு எழுதுங்கோ. வாங்கறது மணமகள்," என்றார் கிருஷ்ணபிரசாத்.

"ரெண்டும் அனுப்பும். ரெண்டும் வாங்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்போ ரெண்டையும் மணமகள்னே எழுதுங்கோ. இப்போ இருக்கறது முற்போக்குக் கமிட்டியாக்கும்."

சாப்பிடுவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் அவள் பூஜ்யம் போட்டாள். அதனால் பாரம் இரண்டு தடவை திரும்பி வந்தது. சாப்பாடு இல்லாத நிகழ்ச்சிக்கு அனுமதி தந்த முன்னுதாரணம் சமாஜத்தின் எழுபது வருஷ சரித்திரத்தில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மூன்றாம் தடவை அவள் நாற்பது என்று போட்டாள். உடனே அங்கீகாரம் ஆயிற்று.

இதற்குள் ஒன்றரை மாதம். அதற்கு நடுவில் அவள் பட்டனை ஒரு சோப்புப் பெட்டியில் பொருத்தி, பள்ளுருத்திக்குக் கொண்டுபோய்க் கற்பகத்தின் கட்டில் சட்டத்தில் இடது கைப்பக்கம் கட்டிவிட்டு வந்தாள். பழகட்டுமே என்றுதான். விளக்கையும் எதிர்ச் சுவரில் மாட்டினாள். "அடுத்த வாரம் எரியும் கற்பகம்," என்றாள். கற்பகம் ஒரு தடவை அமுக்கிவிட்டு, விளக்கைப் பார்த்து, இவளைப் பார்த்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மாட்யூல் தேர்வுக் கமிட்டி கூடியது. ஒன்பது பேர். அவர்களில் விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான், திருப்பூணித்துறைக்காரர் சுதீர், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். அவரைச் சிறப்பு அழைப்பாளர் என்று போட்டிருந்தார்கள். சிறப்பு அழைப்பாளர் கடைசியில்தான் பேசலாம். கடைசி வருவதற்குள் சாயா வந்துவிடும்.

சமாஜத் தலைவர் வெங்கடேஸ்வரன் தலைமை உரை ஆற்றினார். "அலைவரிசைன்னா என்னன்னு நேக்குத் தெரியாது. இதை நான் பெருமையாவே சொல்றேன். தெரிஞ்சவனுக்கு ஒரு பக்ஷம் வந்துடும். ஒண்ணும் தெரியாதவனாலதான் நடுநிலையா இருக்க முடியும். இந்த நாற்காலியில பதினாறு வருஷமா நான் அப்படித்தான் இருக்கேன்." கைதட்டல்.

பிறகு அவர் விளம்பரத் தாளை எடுத்துக் கண்ணாடியை மேலேற்றினார். "இதோ, தூரம் பதினைஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கான். பள்ளுருத்தி இங்கேர்ந்து அஞ்சு. அப்போ பாக்கிப் பத்துக் கிலோமீட்டர் என்ன ஆறது?"

எல்லோரும் தாளை எட்டிப் பார்த்தார்கள். பதினாறு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா.

"அது பாக்கியெல்லாம் இல்லை சார்," என்றாள் அனந்தலக்ஷ்மி. "மரமும் கட்டடமும் இல்லாத எடத்துல அவ்வளவு தூரம் போகும்னு அர்த்தம்."

"கட்டடமே இல்லாத எடத்துல யார் இருக்கா, பேசறதுக்கு?" என்று தலைவர் கேட்டார்.

உபரிக் கிலோமீட்டர் பங்கீட்டு உபகமிட்டி அன்றைக்கே உருவாயிற்று. எர்ணாகுளம் கிளை ஆறு கிலோமீட்டர் கேட்டது. திருப்பூணித்துறைக் கிளை, தொண்ணூற்றெட்டாம் வருஷம் நாற்காலி பங்கீட்டில் தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை நினைவூட்டி, பத்தும் வேண்டும் என்று நாலு பக்கம் கடிதம் எழுதியது. திருப்பூணித்துறை பதினைந்து கிலோமீட்டருக்குள் வருமா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளப்பது கிளையை அவமதிப்பதாகும் என்று தீர்மானித்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஆளுக்கு ஐந்து என்று சமரசம் ஆயிற்று. கிளைக்காரர்கள் வந்து கையெழுத்துப் போட்டு, ஐந்து ஐந்து கிலோமீட்டரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் கேட்ட கேள்விக்கு வந்தார்கள். கமிட்டி இரண்டாகப் பிளந்தது. நானூற்று முப்பத்துமூன்று கட்சிக்காரர்கள், எண் சின்னதாக இருந்தால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் என்றார்கள். எண்ணூற்று அறுபத்தைந்து கட்சிக்காரர்கள், எண் பெரிதாக இருந்தால்தான் சமாஜத்துக்கு மதிப்பு என்றார்கள். அனந்தலக்ஷ்மி மூன்றாவது வாரமே அரசாங்க அறிவிப்பைத் தேடிப் படித்துவிட்டாள்; மொட்டை மாடி கிடைக்காமல் வாங்கி மட்டும் என்ன செய்வது என்றுதான் காத்திருந்தாள். இம்மாதிரி வேலைக்கு நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல், போதுமான பலத்தோடு உபயோகிக்க விட்டிருப்பது எண்ணூற்று அறுபத்தைந்துதான். சுதீரும் கடைசியில் எழுந்து அதையே சொன்னார். "ஒரு கருத்தாகப் பதிவு செய்யப்பட்டது" என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

ஓட்டெடுப்பில் நாலுக்கு நாலு. தலைவர் நடுநிலை. ஒரு மாதம் கழித்து அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: மட்டாஞ்சேரிக்கு நானூற்று முப்பத்துமூன்று, பள்ளுருத்திக்கு எண்ணூற்று அறுபத்தைந்து. இரு தரப்புக்கும் பிரதிநிதித்துவம்.

"சார், ரெண்டும் வேற வேற அலைவரிசை," என்று அனந்தலக்ஷ்மி எழுந்தே நின்றுவிட்டாள். "ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்குக் கேக்கவே கேக்காது."

"நேக்கும் என் ஆத்துக்காரிக்கும் நாப்பது வருஷமா அப்படித்தான்," என்றார் வெங்கடேஸ்வரன். "குடும்பம் நடக்கலையா?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நல்ல வேளையாக உலகத்தில் கடைக்காரர்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறது. கொள்முதலுக்குப் போன கிருஷ்ணபிரசாத்திடம் மாரிச்செல்வம், "பாதிப் பாதியா எல்லாம் பிரிச்சுத் தர்றதில்ல சார். சோடியாத்தான் விப்பேன். இருக்கறது எண்ணூத்தி அறுபத்தஞ்சு, நல்ல பவர் உள்ளது," என்று சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஆறு மாதக் கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் வந்தது. கமிட்டியின் நெடிய ஆய்வின் முடிவு என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு தடவை பள்ளுருத்திக்குப் போகும்போதும் அவள் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் சொல்லவே கூச்சமாகிவிட்டது. கற்பகம் மெலிந்துகொண்டே வந்தாள். "யாரு முகத்தையும் இப்ப பாக்குறதில்ல மாமி," என்றாள் மதுவந்தி. "நாலு மணியானா மட்டும் எப்படியோ தெரிஞ்சுக்குது. பட்டனை அமுக்கிட்டு அந்த லைட்டையே பாக்குது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அனந்தலக்ஷ்மியும் சுதீருமாகப் பள்ளுருத்தி வீட்டு ஓட்டின் மேல் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டி, அந்தப் பக்கத்து மாட்யூலைப் பட்டனோடும் விளக்கோடும் இணைத்தார்கள். சமாஜத்து மாடி வேலையையும் அன்றே முடித்திருப்பார்கள். ஆனால் உத்காடனம் ஆகாமல் தொடக்கூடாது என்று கிருஷ்ணபிரசாத் இன்னொரு மாட்யூலை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

உத்காடனம் மொட்டை மாடியில், பந்தலுக்குக் கீழே, மூன்றரை மணிக்கு. சரியாக நாலு மணிக்குப் பட்டன் அமுக்க வேண்டும் என்று அனந்தலக்ஷ்மி கேட்டுக்கொண்டிருந்தாள். மதுவந்தி அரை நாள் லீவு போட்டு அம்மாவோடு இருந்தாள். நாற்பது பேர் சாப்பாட்டுக் கணக்கில் வடையும் வந்திருந்தது.

சிக்கல் சிறப்பு விருந்தினர்களால் வந்தது. இரண்டு பேர்: துறைமுகத்தில் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி, ஒரு நகைக்கடை முதலாளி. இருவருக்கும் ஆளுக்கொரு கடமை வேண்டும். ஆகவே பட்டன் அமுக்குவது அதிகாரிக்கு, ஆன்டெனாவைத் திருகி மாட்டுவது முதலாளிக்கு. வயதில் மூத்தவர் அதிகாரி. அவர் கடமைதான் முதலில் வர வேண்டும். ஆன்டெனா சந்தனப் பொட்டும் முல்லைச் சரமுமாக ஒரு தாம்பாளத்தில் படுத்திருந்தது.

அனந்தலக்ஷ்மி மேடைக்கே போய்விட்டாள். "சார், ஆன்டெனா மாட்டாம அனுப்பவே படாது. உள்ளே எரிஞ்சு போயிடும். மொதல்ல அதை மாட்டச் சொல்லுங்கோ."

"நிகழ்ச்சி நிரல் அச்சடிச்சாச்சே," என்றார் தலைவர் வருத்தத்தோடு. "எட்டாவதை ஆறாவதுக்கு முன்னால எப்படிப் பண்றது? நீங்க சித்த உக்காருங்கோ."

அதிகாரி பேச எழுந்தபோது நாலே முக்கால். "முப்பத்துநாலு வருஷ சர்வீஸ்ல எத்தனையோ பட்டன் அமுக்கியிருக்கேன். எதுக்கு அமுக்கறோம்னு ஒரு தரம்கூட நான் கேட்டதில்லை. அதுக்குப் பேர்தான் விசுவாசம்," என்று தொடங்கி இருபத்தைந்து நிமிஷம் பேசினார். பிறகு அமுக்கினார். போட்டோக்காரர் கண்ணை மூடிட்டீங்க சார் என்றார். மறுபடி அமுக்கினார். கிளைப் பிரதிநிதிகள் வந்து பக்கத்தில் நின்றதும் மறுபடி. அனந்தலக்ஷ்மி எண்ணினாள், பதினோரு தடவை. சுதீர் மாட்யூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை உதறினார்.

அப்புறம் ஆசம்சை. அப்புறம் முதலாளி எழுந்து, பூச்சரம் விழாமல் ஆன்டெனாவைத் திருகி மாட்டினார். மாட்டிய மாத்திரத்தில் மேடையில் மாட்யூலோடு இருந்த விளக்கு எரிந்தது.

மொட்டை மாடியே கைதட்டியது. "பாத்தேளா, நாம அனுப்பினது பள்ளுருத்தி போய்த் திரும்பியே வந்தாச்சு," என்றார் தலைவர் மைக்கில். விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மறுபடி கைதட்டல்.

அனந்தலக்ஷ்மிக்கு மட்டும் கை எழவில்லை. அது யார் அமுக்குவது என்று அவளுக்குத் தெரியும். பாய்ந்து போய்த் தன் பக்கத்துப் பட்டனை அமுக்கினாள். மூன்று தடவை அமுக்கினாள். மதுவந்திக்குப் போன் செய்தாள்.

"அங்கே எரிஞ்சுதா?"

"இல்ல மாமி. ஒண்ணும் எரியல. அம்மா நாலு மணியிலருந்து அமுக்கிக்கிட்டே இருக்கு. கைய எடுக்க மாட்டேங்குது."

சுதீர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அனுப்பற பாகம் எரிஞ்சுபோச்சு மாமி. இனிமே அவங்க சொல்றது இங்கே கேக்கும். நாம சொல்றது போகாது."

கிருஷ்ணபிரசாத் நன்றியுரையை ஆரம்பித்திருந்தார். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அதன் வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது போலும். மிச்சமிருந்த பொன்னாடை ஒன்றை எடுத்து விளக்கின் மேல் போர்த்திவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். ஜரிகைக்குள்ளே வெளிச்சம் வந்து வந்து போனது. அவளுக்கு அழுகை வந்தது.

"இதைக் கழட்டித் தாங்கோ, புதுசு நானே வாங்கி மாட்டிக்கறேன்," என்று தலைவரிடம் கேட்டாள்.

"உத்காடனம் ஆயிடுத்தே மாமி. இப்போ அது சமாஜத்தோட சொத்து. கேடு இருந்தா விசாரணைக் கமிட்டி போடணும். நீங்க ஒரு பாரம் எழுதிக் குடுங்கோ."

அவள் பாரம் எழுதவில்லை. வடையும் சாப்பிடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி, பஸ் ஏறி, தோப்பும்படியில் நின்று, இன்னொரு பஸ் ஏறினாள். பள்ளுருத்தி வீட்டுக்குள் நுழையும்போது ஆறரை ஆகியிருந்தது.

கற்பகம் அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள். கட்டை விரல் சிவந்திருந்தது. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. உள்ளே வந்தவளை அவள் பார்க்கவில்லை. மதுவந்தி சாயா போடப் போனாள்.

அனந்தலக்ஷ்மி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கற்பகம் அமுக்கினாள்.

"இருக்கேன்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

கற்பகம் சுவரைப் பார்த்தபடியே மறுபடி அமுக்கினாள்.

"இருக்கேன் கற்பகம். இங்கேதான் இருக்கேன்."

நாலாவது தடவைதான் கற்பகத்தின் கண் சுவரை விட்டுத் திரும்பியது. பிறகு சோப்புப் பெட்டியிலிருந்து கையை எடுத்து, அனந்தலக்ஷ்மியின் விரலைப் பிடித்து, அந்தப் பட்டனின் மேல் வைத்தாள். அனந்தலக்ஷ்மி அமுக்கினாள். கற்பகம் பதிலுக்கு இடது கையால் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டினாள்.

மறுபடி அமுக்கினாள். அதற்குக் கற்பகம் மறுபடி தட்டினாள். சாயா ஆறிப்போயிற்று. கடைசி பஸ் எட்டரைக்கு. அதுவரைக்கும் இரண்டு பேரும் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அதையே செய்துகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் மறுபடி ஐந்து கிலோமீட்டர்.